நான்கு நரம்புகளில் நம் பாட்டு

பிழைப்பைத் தேடிப் புறப்படுகிற ஒருவன் தன் பெட்டியில் என்னவெல்லாம் அடுக்குகிறான் என்று எண்ணிப் பார்த்ததுண்டா? மாற்றுத் துணி, சான்றிதழ்கள், ஊறுகாய்ப் புட்டி, தாய் கொடுத்தனுப்பிய வேதாகமம், ஓரம் கிழிந்த பாட்டுப் புத்தகம். பெட்டியில் அடங்காத ஒன்றையும் அவன் சுமந்து செல்கிறான். அது அவன் வாயிலும் செவியிலும் தங்கியிருக்கிற பாட்டு. திருநெல்வேலியிலிருந்தும் தருமபுரியிலிருந்தும் வேலூரிலிருந்தும் பெங்களூருக்கு வந்து சேர்ந்த நம்மில் பலர் அப்படித்தான் வந்தோம்.

யுகுலேலே என்னும் சிறிய நரம்புக் கருவியின் வரலாறும் இத்தகைய ஒரு பயணத்தில்தான் தொடங்குகிறது. 1879 ஆகஸ்ட் 23 அன்று, போர்த்துக்கல் நாட்டிற்குரிய மதெய்ரா தீவிலிருந்து புறப்பட்ட ரேவன்ஸ்க்ராக் என்ற கப்பல், நான்கு மாதக் கடற்பயணத்திற்குப் பின் ஹவாய்த் தீவுகளின் ஹொனலூலு துறைமுகத்தை அடைந்தது. அதில் வந்த 400-க்கும் மேற்பட்டவர்கள் கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாக உழைக்க அழைத்து வரப்பட்டவர்கள். நம் மக்களுக்கு இது அந்நியக் கதையன்று. அதற்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன், 1860-இல், சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் தமிழர்களையும் தெலுங்கர்களையும் ஏற்றிக்கொண்டு, இதே கரும்புக்காகத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்திற்குச் சென்றிருந்தது.

மதெய்ராவிலிருந்து வந்தவர்களில் மானுவேல் நூனெஸ், அகுஸ்தோ தியாஸ், ஜோசே தோ எஸ்பிரித்தோ சாந்தோ என்ற மூன்று மரத்தச்சர்களும் இருந்தார்கள். கரும்புத் தோட்ட ஒப்பந்தம் முடிந்ததும் அவர்கள் ஹொனலூலு நகரத்தில் குடியேறி, 1880-களின் நடுவில் மரச்சாமான்களும் இசைக்கருவிகளும் செய்யும் பட்டறைகளை நடத்தினார்கள். தங்கள் தீவில் மச்சேத்தே என்றும் ரஜாவோ என்றும் வழங்கிய இரு சிறு கருவிகளை மனதில் வைத்து, ஹவாயில் விளையும் கோவா மரத்தில் அவர்கள் இழைத்ததே யுகுலேலே. மச்சேத்தேயின் உருவத்தையும் ரஜாவோவின் சுருதியமைப்பையும் அது பெற்றுக்கொண்டது. அன்றைய அரசர் கலாகௌவா அதை விரும்பி ஆதரித்ததால் அரண்மனைக்குள்ளும் நுழைந்தது. கூலிக்கு வந்தவர்களின் கருவி ஒரு தலைமுறைக்குள் அந்த நாட்டின் கருவியாகவே மாறிவிட்டது!

அதன் பெயருக்கு இரண்டு பொருள் கூறுவார்கள். குதிக்கும் தெள்ளுப்பூச்சி என்பது ஒன்று. நரம்புகளின்மேல் விரல்கள் துள்ளும் வேகத்தைக் கண்டு வைத்த பெயராம். அரசி லிலியுவோகலானி அதற்குச் சொன்னதாக வழங்கும் பொருள் வேறு: இங்கே வந்து சேர்ந்த கொடை. எனக்கு இரண்டாவது பொருளே பிடித்திருக்கிறது.

இன்னொரு செய்தியையும் சேர்த்துச் சொல்லவேண்டும். இக்கருவி வருவதற்கு முன்பே, 1820 முதல், அமெரிக்க மிஷனரிகள் அத்தீவுகளில் ஞானப்பாட்டுகளைக் கற்பித்திருந்தார்கள். மக்கள் அவற்றைப் பல குரல்களில் இசைவாகப் பாடப் பழகி, தங்கள் மொழியில் ஹிமெனி என்று அழைத்தார்கள். ஆகையால் மூன்று நான்கு சுரக்கூட்டுகளில் அடங்கும் எளிய பாட்டுகள் அங்கே ஆயத்தமாக இருந்தன. அவற்றிற்குப் பொருத்தமான கருவி பின்னர் வந்து சேர்ந்தது. 1915-இல் சான்பிரான்சிஸ்கோவில் நடந்த பெரிய கண்காட்சிக்குப் பின் அமெரிக்கா முழுவதும் அது பரவியது.

இந்தியாவுக்கு ஹவாய் இசை வந்த வழியில் முன்னே நடந்தது யுகுலேலே அன்று, மடியில் கிடத்தி இழைத்து வாசிக்கும் ஹவாயன் கிட்டார். தாவ் மோ என்ற கலைஞரும் அவர் குடும்பத்தாரும் 1940-களில் கல்கத்தாவில் தங்கி வாசித்ததும் கற்பித்ததும் அக்கருவியை இங்கே வேரூன்றச் செய்தன. பின்னர், லக்னோவில் பிறந்த கிறிஸ்தவரான வான் ஷிப்லி, மக்கள் அறிந்த பாட்டுகளைச் சொற்களின்றி மின்கிட்டாரில் வாசித்து இசைத்தட்டுகளாக வெளியிட்டார். வாய்ப்பாட்டுக்கே பழகிய இந்தியச் செவி, தெரிந்த பாட்டை நரம்பில் கேட்டும் மகிழும் என்பதை அத்தட்டுகள் நாடெங்கும் காட்டின. யுகுலேலே அதற்கெல்லாம் பிந்தி வந்தது. நம் நகரத்துப் பிள்ளைகள் கையில் அது பரவலாகக் காணப்படுவது கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளாகத்தான்.

இனி நம் வீட்டிற்கு வருவோம். 1809-இல் பெங்களூரில் தண்டு அமைக்கப்பட்ட நாள்முதல் சிவாஜிநகரிலும் அல்சூரிலும் தமிழ்க் குடும்பங்கள் பெருகின. அவர்களுடைய பேரப்பிள்ளைகளும், நேற்று வந்து பொம்மனஹள்ளியிலோ கே.ஆர்.புரத்திலோ லீஸ் வீடு பிடித்தவர்களின் பிள்ளைகளும், ஒரு காரியத்தில் ஒரே நிலையில் இருக்கிறார்கள். பள்ளியில் ஆங்கிலம், கன்னடம், அதன் பின் இந்தி. தமிழைப் பேசுவார்கள், வாசிக்கமாட்டார்கள். ஆராதனையில் திரையில் ஓடும் தமிழ்ப் பாட்டைக்கூட ஆங்கில எழுத்தில் போட்டால்தான் வாலிபர்கள் பாட முடிகிறது. பல குடும்பங்களில் பிள்ளை நாள்தோறும் முழுத் தமிழ் வாக்கியங்களைச் சொல்லுகிற ஒரே வேளை, இரவு குடும்ப ஜெபத்தில் பாடும் வேளைதான்.

அந்தப் பிள்ளைக்கு ஒரு யுகுலேலே வாங்கிக் கொடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதத்திற்குள் என்ன நடக்கும்? கைப்பேசியில் தேடினால் ஆங்கிலப் பாட்டு எதற்கும் கார்டுகளுடன் தாள் கிடைக்கும். பிள்ளை அதைப் பார்த்து அழகாக வாசிக்கும். அம்மா முணுமுணுக்கும் பாட்டிற்கோ, சாராள் நவரோஜி அம்மையார் பாடிய பழைய பாட்டிற்கோ, தாத்தாவின் கீர்த்தனைக்கோ அவ்வளவு எளிதாகத் தாள் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் அது சபையில் கீபோர்டு வாசிப்பவருக்காக எழுதியதாயிருக்கும். பிள்ளையின் நான்கு விரலுக்கு அடங்காது. இதனால் கருவி ஆங்கிலத்திற்கும், தமிழ் வெறும் வாய்க்கும் என்று வீட்டிற்குள்ளேயே ஒரு பிரிவினை உண்டாகிவிடுகிறது. பிள்ளைகள் தமிழ்ப் பாட்டை வெறுக்கிறார்கள் என்று பெற்றோர் வருந்துவதைக் கேட்டிருக்கிறேன். வெறுப்பு எங்கே இருக்கிறது? பிள்ளையின் கைக்கு எட்டும்படி அந்தப் பாட்டை யாரும் அமைத்துக் கொடுக்கவில்லை, அவ்வளவே. அமைத்துக் கொடுப்பது இசைப் புலவர்களுக்கு மாத்திரம் உரிய வேலை அன்று. ஒரு பாட்டை முழுவதும் அறிந்த தாயும், மூன்று கார்டுகள் அறிந்த பிள்ளையும் சேர்ந்து உட்கார்ந்தால் ஒரு மாலையில் முடிந்துவிடும்.

முதலில் கருவியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சொப்ரானோ, கான்சர்ட், டெனர், பாரிடோன் என்று நான்கு அளவுகள் உண்டு. சிறுபிள்ளைக்குச் சொப்ரானோ, வளர்ந்த பிள்ளைக்குக் கான்சர்ட், தடித்த விரலுள்ள தகப்பனுக்கு டெனர் பொருந்தும். பாரிடோனின் சுருதியே வேறு. தொடக்கத்தில் அது வேண்டாம். இரண்டாயிரம் மூவாயிரம் ரூபாயில் கிடைக்கும் ஒட்டுப்பலகைக் கருவியே பெங்களூரின் வறண்ட மார்ச் ஏப்ரல் மாதங்களைத் தாங்கும். விலையுயர்ந்த முழுப்பலகைக் கருவிக்குத்தான் வெடிப்பு அச்சம். நைலான் வகை நரம்பே போடவேண்டும். இரும்புத் தந்தி கட்டினால் இழுவை தாங்காமல் கருவியின் பாலம் பெயர்ந்துவிடும். இன்னொன்று: புது நரம்பு முதல் ஒரு வாரம், சில வேளை இரண்டு வாரம், நீண்டுகொண்டே இருக்கும், சுருதி நில்லாது. கருவி பழுது என்று கடைக்குத் திருப்பிக் கொண்டு ஓடாதீர்கள். தினமும் சுருதி கூட்டுங்கள்; தானாக அமரும்.

அதன் ஓசை மெல்லியது. முந்நூறு பேர் கைதட்டிப் பாடும் சபையில், ஒலிபெருக்கியோடு இணைக்காவிட்டால், அது காணாமற்போகும். டிரம் பேடும் பாஸ் கிட்டாரும் முழங்கும் மேடைக்கு அதைத் தள்ளிக்கொண்டு போவது அவசியமில்லை என்பது என் எண்ணம். அடுத்த வீட்டுச் சுவருக்கும் நம் சுவருக்கும் ஒரே செங்கல் என்றிருக்கும் வாடகை வீட்டில், இரவு ஒன்பது மணிக்கு யார் தூக்கத்தையும் கெடுக்காமல் பாட்டுக்குத் துணை நிற்பதே அதன் ஊழியம்.

இப்போது சுருதிக்கு வருகிறேன்; நம் மக்களுக்கு வியப்பளிக்கக்கூடிய இடம் இது. பிடித்திருக்கும்போது முகத்திற்கு அருகில் உள்ளது ஜி நரம்பு. அடுத்தடுத்து சி, இ, ஏ. ஒரு கட்டையை, அதாவது சி-யை, சட்ஜமாக வைத்துக்கொண்டால் இந்த நான்கும் ப, ச, க, த ஆகும். மோகன ராகத்தின் ஐந்து சுரங்கள் எவை? ச, ரி, க, ப, த. ஆக, விரலே வைக்காமல் விட்ட நான்கு நரம்புகளில் மோகனத்தின் நான்கு சுரங்கள் ஒலிக்கின்றன! இல்லாத ரி, சி நரம்பின் இரண்டாம் ஃப்ரெட்டில் கிடைக்கிறது. மேல் ச, ஏ நரம்பின் மூன்றாம் ஃப்ரெட்டில். மதெய்ராத் தச்சர்கள் மோகனத்தை அறிந்தவர்கள் அல்லர். ஆனாலும் அந்த ராகத்தின் ஆரோகணம் முழுவதையும் இரண்டே இடங்களில் விரல் வைத்து வாசித்துவிடலாம். அந்த ஐந்து சுரங்களில் அடங்கும் மெட்டுகளைப் பிள்ளைக்கு முதற்பாடமாக வையுங்கள்.

வேறொரு விசித்திரமும் அதில் உண்டு. முகத்திற்கு அருகிலுள்ள நரம்பு கிட்டாரில் தாழ்ந்து ஒலிக்கும். இதிலோ உயர்ந்து ஒலிக்கும். ப-வும் த-வும் அடுத்தடுத்த சுரங்கள். ஆனால் ஒன்று முதல் நரம்பில், மற்றது கடைசி நரம்பில். எனவே ஒன்று ஒலித்து அடங்குமுன் மற்றது சேர்ந்து ஒலிக்கும். கோவில் மணிகளை வரிசையாக அடித்தாற்போலிருக்கும். இந்த நயத்தினால்தான் சிறு கருவியில் வாசித்த மெட்டுக்கூட நிறைவாகக் கேட்கிறது.

ஆனால் தாழ்ந்த சுரங்கள் அதற்கு இல்லை. அதன் மிகத் தாழ்ந்த ஒலியே நடு ஸ்தாயி ச. மந்தர ஸ்தாயியில் இறங்கும் பாட்டை ஒரு கட்டையில் நரம்பில் வாசிக்கத் தொடங்கினால் பாதி வழியில் நரம்பு தீர்ந்துவிடும். உலகமெங்கும் சபைகள் அறிந்த அமேசிங் கிரேஸ் மெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜான் நியூட்டனின் சொற்கள் 1779-இல் அச்சேறின. இன்று நாம் பாடும் மெட்டோடு அவை 1835-இல் வெளிவந்த ஒரு பாட்டுப் புத்தகத்தில் இணைந்தன. அம்மெட்டும் மோகனத்தின் ஐந்து சுரங்களுக்குள் அடங்குவதே. ஆயினும் அது மந்தர ப-வில் தொடங்குகிறது. ஆகையால் அதை நாலு கட்டைக்கு, அதாவது எஃப்-க்கு, ஏற்றிவிடவேண்டும். அப்போது கருவியின் மிகத் தாழ்ந்த நரம்பே அந்த மந்தர ப ஆகிவிடுகிறது. மெட்டு முழுவதும் முதல் மூன்று ஃப்ரெட்டுகளுக்குள் அமைந்துவிடும். பாட்டை அமைப்பது என்பதில் முதல் தீர்மானம் இந்தக் கட்டைத் தீர்மானம்தான்.

பாடுவதற்கு மாத்திரம் கார்டு மீட்டுவதானால் நரம்பு தீருமே என்ற கவலை இல்லை; தாழ்ந்த சுரத்தைத் தொண்டை பார்த்துக்கொள்ளும். அங்கே கவனிக்கவேண்டியது வீட்டாரின் குரல். தகப்பன் ஒரு கட்டையில் பாடுவார். தாய்க்கு ஐந்து கட்டை வேண்டும். பிள்ளை இருவருக்கும் நடுவில் தத்தளிக்கும். இரண்டு கட்டையில் தொடங்கிப் பாருங்கள். கேப்போ என்னும் சிறு கவ்வியை இரண்டாம் ஃப்ரெட்டில் மாட்டினால், பிள்ளை தான் அறிந்த சி கார்டையே பிடித்தும் இரண்டு கட்டை ஒலிக்கும்.

கார்டுகளைப் பற்றி. சி கார்டுக்கு ஒரே விரல்: ஏ நரம்பில் மூன்றாம் ஃப்ரெட். ஏ மைனருக்கும் ஒரே விரல்: ஜி நரம்பில் இரண்டாம் ஃப்ரெட். அந்த விரலை எடுக்காமல் இ நரம்பின் முதல் ஃப்ரெட்டில் இன்னொரு விரல் வைத்தால் எஃப். ஜி7-க்கு மூன்று விரல்: சி நரம்பில் இரண்டு, இ நரம்பில் ஒன்று, ஏ நரம்பில் இரண்டு. இந்த நான்கு போதும், ஜெபத்தோட்ட ஜெயகீதங்கள் போன்ற தொகுப்புகளில் நீங்கள் மனப்பாடமாய் அறிந்த பல பாட்டுகளைத் தொடங்க.

எந்த இடத்தில் எந்தக் கார்டு? தாளைத் தேடாமல் செவியால் கண்டுபிடிக்கலாம். பாட்டின் வரி எந்தச் சுரத்தில் இளைப்பாறுகிறது என்று பாருங்கள். ச, க, ப-வில் இளைப்பாறினால் பெரும்பாலும் சி. ம-விலோ த-விலோ நின்றால் எஃப். ரி-யிலோ நி-யிலோ நின்றால் ஜி7. பாட்டு சோகமாகத் திரும்பி த-வையே வீடாகக் கொண்டால் ஏ மைனர். அம்மா பாடி நிறுத்துகிற இடத்தில் பிள்ளை இவற்றை ஒவ்வொன்றாக மீட்டிப் பார்க்கட்டும். பொருந்தாததைச் செவி உடனே தள்ளிவிடும். அம்மாவுக்கு இசை இலக்கணம் தெரிந்திருக்கவேண்டிய அவசியமே இல்லை.

இங்கேதான் பலர் இடறுகிறார்கள். ஒலிநாடாவில் கேட்டதையெல்லாம் நான்கு நரம்பில் அடைக்கப் பார்க்கிறார்கள்: சொல்லுக்குச் சொல் மாறும் கார்டுகள், புல்லாங்குழல் இடையிசை, தபேலாவின் உருட்டல். பத்து விரலால் கீபோர்டில் செய்ததை இதில் செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம். ஓர் ஆவர்த்தனத்திற்கு ஒரு கார்டு என்று முதலில் குறைத்துவிடுங்கள். பாட்டு உயிரோடிருக்கிறதா என்று கேளுங்கள். எங்கே வெறுமையாக ஒலிக்கிறதோ அங்கே மாத்திரம் இன்னொன்றைச் சேருங்கள். கடினமான கார்டுக்கு அதன் உறவினர் ஒருவர் எப்போதும் உண்டு. எஃப்-இல் வாசிக்கும்போது பி ஃபிளாட் சிறு கைக்கு எட்டாது. அதன் மூன்று சுரங்களில் இரண்டு டி மைனரிலும் இருக்கின்றன. எஃப் பிடித்த கையில் சி நரம்பின் இரண்டாம் ஃப்ரெட்டில் ஒரு விரல் சேர்த்தால் டி மைனர். சபையில் கீபோர்டு வாசிக்கும் சகோதரர் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும்.

குறைத்து அமைப்பதற்கு உலகறிந்த சாட்சி ஒன்று உண்டு. 1939-இல் விசார்ட் ஆஃப் ஆஸ் என்ற ஆங்கிலத் திரைப்படத்திற்காக ஹாரல்ட் ஆர்லன் இசையமைத்த வானவில் பாட்டு, பெரிய வாத்தியக் குழுவிற்காக எழுதப்பட்டது; பின்வந்த ஜாஸ் கலைஞர்கள் அதைச் செறிந்த கார்டுகளால் இழைத்தார்கள். 1988-இல் ஒரு நாள் அதிகாலை மூன்று மணியளவில், ஹொனலூலுவில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்திற்கு இஸ்ரயேல் கமகவிவோலே என்ற ஹவாய்ப் பாடகர் வந்தார். மிகப் பருத்த சரீரமுடையவர். கையில் சிறு யுகுலேலே. அந்தப் பாட்டை வேறு வாத்தியம் எதுவுமின்றி, எளிய கார்டுகளில், ஒரே முயற்சியில் பாடி முடித்தார் என்று பதிவு செய்த பொறியாளர் பின்னர் சொன்னார். சொற்கள் சில மூலத்திலிருந்து மாறியே இருக்கின்றன. யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. ஐந்தாண்டுகள் அலமாரியில் கிடந்த அப்பதிவு 1993-இல்தான் வெளியானது. 2021-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அதைத் தேசிய ஒலிப்பதிவுக் கருவூலத்தில் சேர்த்தது. 1996-இல் அவர் ஹொனலூலுவில் ஞானஸ்நானம் பெற்று, ஒரு விருது விழா மேடையில் தம் விசுவாசத்தை வெளிப்படையாகச் சொன்னதையும், மறு ஆண்டு 38 வயதில் மறைந்ததையும் உங்களுக்காகச் சேர்த்து எழுதுகிறேன். அந்தப் பதிவைக் கேட்டால், ஒரு வாத்தியக் குழு முழுவதையும் விட்டுவிட்ட பிறகும் பாட்டில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று விளங்கும்.

நம் கீர்த்தனைகளுக்கு மாத்திரம் வேறு வழி வேண்டும். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) போன்றோர் கர்நாடக ராகங்களில் பாடிவைத்தவற்றைக் கார்டுகளால் மூடினால் ராகத்தின் முகமே மறைந்துபோகும். கீர்த்தனைப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். பாட்டின் தலைப்பில் ராகமும் தாளமும் அச்சிட்டிருக்கும். அதுவே உங்களுக்கு வழிகாட்டி. சங்கராபரணம் என்றிருந்தால் மேலே சொன்ன சி, எஃப், ஜி7 முறை பெரும்பாலும் ஒத்துப்போகும். தோடி, மாயாமாளவகௌளை என்றிருந்தால் கார்டு மாற்றத்தையே விட்டுவிடுங்கள். இ நரம்பிலும் ஏ நரம்பிலும் மூன்றாம் ஃப்ரெட்டை அழுத்தி, மற்ற இரண்டையும் விட்டு மீட்டினால் ப, ச, ப, மேல் ச என்று ஒலிக்கும். வேறு சுரமே இராது. அதை ஒவ்வொரு நரம்பாக, நிதானமாக மீட்டுங்கள். தம்புரா! பாட்டி அதன்மேல் தன் விருப்பப்படி வளைத்தும் நெளித்தும் பாடலாம். கருவி குறுக்கே வராது.

தாளத்தில் ஒரு நுட்பம் உண்டு. தமிழ்ப் பாட்டுகளுக்குக் கார்டு எழுதும் வாலிபர்கள் இதில் அடிக்கடி தடுமாறுகிறார்கள். ஆங்கிலப் பாட்டுகள் பல, முதல் அடி விழுமுன்பே ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு அடியில் வந்து இறங்கும். நம் பாட்டுகள் பல அதற்கு எதிர்மாறானவை: தாளம் விழுந்த பின், அரை இடமோ ஒன்றரை இடமோ தள்ளியே சொல் எழும். எடுப்பு என்று இதைச் சொல்வோம். பிள்ளை முதல் சொல்லின் தலையில் கார்டை எழுதி, அங்கேயே கனமாக மீட்டினால் பாட்டு முழுவதும் நொண்டும். ஏன் என்றும் விளங்காது. தாய் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு பாடட்டும். கை விழுகிற இடத்தில் பிள்ளை மீட்டட்டும். சொல் பின்னால் வந்து சேரும். கைதட்டல் பாட்டுகளில், தட்டு விழும் இடத்தில் மீட்டிய உடனே உள்ளங்கையால் நரம்புகளை அமர்த்தினால் சக் என்ற ஓசை எழும். அதுவே தம்புரின் வேலையைச் செய்துவிடும். திஸ்ர நடையில் ஓடும் பாட்டுக்கு மூன்று மூன்றாக, முதல் மீட்டலை மட்டும் அழுத்தி மீட்டுங்கள்.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பிறர் இயற்றிய பாட்டைப் புதிதாக அமைப்பதும் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி (1957) இயற்றியவருக்கு உரிய உரிமைகளுள் ஒன்று. ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கடந்த பாட்டுகள் பொதுச் சொத்து. சாஸ்திரியாரின் கீர்த்தனைகளுக்குத் தடை ஏதுமில்லை. கட்டணம் வாங்காமல் தொழில்முறை சாராத குழுவினர் வாசிப்பதற்கும், சமய நிறுவனத்தின் நன்மைக்காக அவர்கள் நிகழ்த்துவதற்கும் அச்சட்டம் விலக்கு அளிக்கிறது. அதே விலக்கு இணையத்தில் ஏற்றவும் குறுந்தகடாக விற்கவும் செல்லும் என்று எண்ணிவிடலாகாது. உயிரோடிருக்கும் பாடலாசிரியர்களிடம் அனுமதி கேட்டு எழுதுங்கள்.

கடைசியாக, ஒரு நூறு பக்க நோட்டு வாங்குங்கள். பாட்டின் முதல் வரி, இயற்றியவர் பெயர், எத்தனை கட்டை, என்ன தாளம், எடுப்பு எங்கே என்று தலைப்பில் குறிக்கவேண்டும். அதன் கீழ் பாட்டைத் தமிழ் எழுத்திலேயே பிள்ளையின் கையால் எழுதச் செய்யுங்கள். வரிக்கு மேல் கொஞ்சம் இடம் விட்டு, தாளம் விழும் எழுத்தின் தலையில் கார்டு. எழுத்து தெரியாத பிள்ளையானால் நீங்கள் எழுதிக் காட்டுங்கள். அது பார்த்து எழுதட்டும். வாரத்திற்கு ஒரு பாட்டு போதும். முதல் பக்கத்திற்கு, ஊரிலிருக்கும் தாத்தாவையோ பாட்டியையோ தொலைபேசியில் அழைத்து, அவர்கள் அதிகமாய்ப் பாடுகிற பாட்டைப் பாடச் சொல்லிக் கேளுங்கள். எந்தக் கட்டையில் பாடுகிறார்கள் என்பதைப் பிள்ளை தன் நரம்பில் தேடிக் கண்டுபிடித்து, தேதியோடு எழுதிக்கொள்ளட்டும்.